ஸ்பானிஷ் வகுப்பின் முதல் வாரம்: நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளை வரவேற்க ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் நடுநிலைப் பள்ளி என்பது பெரும்பாலான ஊர்களில் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை. பிள்ளைகளுக்கு வயது 11 முதல் 14 வரை இருக்கும். அந்த வயதுப் பிள்ளை ஒன்று ஸ்பானிஷ் வகுப்பின் வாசலில் தயங்கி நிற்கிறதென்றால், அதன் அச்சம் ஸ்பானிஷ் மொழியைப் பற்றியதாக இருப்பது அரிது. உடன் படிக்கும் இருபத்தைந்து பேர் கேட்டுக்கொண்டிருக்கும்போது நாக்குப் பிறழ்ந்துவிட்டால் என்ன ஆவது என்பதே அதன் கவலை. கணக்குப் பாடத்தில் செய்யும் பிழை தாளுக்குள் மடிந்து கிடக்கும். மொழிப் பாடத்தில் செய்யும் பிழை எல்லோர் காதிலும் விழும். நியூ ஜெர்சியில் இந்த வகுப்பை நடத்திவரும் நான் வரவேற்பு என்று கருதுவது இதைத்தான்: முதல் நாள் மணி அடிப்பதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் தன்னைப் பற்றிய உண்மையான ஒரு வாக்கியத்தை ஸ்பானிஷில் சொல்லியிருக்க வேண்டும், அது கேட்டவருக்குப் புரிந்திருக்கவும் வேண்டும். கீழே சொல்லியிருக்கும் படிகள் யாவும் அந்த ஒரு வாக்கியத்துக்காக அமைந்தவை.

அமெரிக்கப் பள்ளிகளில் மொழி கற்பிக்கும் தமிழர்களையும், அந்தப் பணிக்குப் பயின்றுவருபவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். தமிழ் தெரிந்தவருக்கு இந்தப் பாடத்தில் கிடைக்கும் சில அனுகூலங்களை உரிய இடத்தில் குறிப்பிடுகிறேன்.

பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம்

முதலில் பெயர்ப் பட்டியலை எடுத்து உரக்க வாசியுங்கள். எந்தெந்தப் பெயரில் உங்கள் நாக்கு இடறுகிறதோ அவற்றைக் குறித்துக்கொண்டு, சென்ற ஆண்டு அந்தப் பிள்ளைக்குப் பாடம் எடுத்தவரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ சரியான உச்சரிப்பைக் கேட்டு, தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்துக்கு இந்த வேலை நன்றாக வரும். ஸ்பானிஷ் வகுப்பில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. வீட்டில் 'ஹோர்ஹே' என்று அழைக்கப்படும் பையன், பாலர் வகுப்பு முதல் பள்ளியில் 'ஜார்ஜ்' ஆகியிருப்பான். எது தன் பெயர் என்று யாரும் அவனைக் கேட்டிருக்க மாட்டார்கள். நீங்கள் கேளுங்கள். அவன் 'ஜார்ஜ்' என்றே இருக்கட்டும் என்று சொன்னால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

பட்டியலில் சில பிள்ளைகளுக்கு இரண்டு குடும்பப் பெயர்கள் இருக்கும். ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் பொதுவாகத் தந்தை வழிப் பெயர் முதலிலும் தாய் வழிப் பெயர் அதற்குப் பின்னும் வரும். கணினிப் படிவம் இரண்டில் ஒன்றை விழுங்கிவிடும், அல்லது முதலாவதை நடுப்பெயராக்கிவிடும். தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராகச் சுமந்து விமான நிலையங்களில் விளக்கம் சொல்லிப் பழகிய நமக்கு இந்தச் சங்கடத்தை எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

பிள்ளைகளுக்கு 'மரியா', 'பாப்லோ' என்று ஸ்பானிஷ் பெயர் சூட்டும் பழைய வழக்கம் இன்னும் பல வகுப்பறைகளில் இருக்கிறது. விளையாட்டாகத் தொடங்கியது என்றாலும் நான் அதைக் கைவிட்டுவிட்டேன். ஒரு பிள்ளை முதன்முதலாக ஸ்பானிஷில் சொல்லும் வாக்கியமே இன்னொருவர் பெயரைத் தன் பெயர் என்று சொல்லும் பொய்யாக இருக்க வேண்டாம் என்பது என் கருத்து.

இதே வாரத்தில், சிறப்புக் கல்வித் திட்டம் உள்ள பிள்ளைகளின் குறிப்புகளை வாசித்துவிடுங்கள். திக்குவாய் உள்ள பிள்ளையையோ, செவித்திறன் குறைந்த பிள்ளையையோ முதல் நாளே எழுப்பி நிறுத்திப் பேசச் சொல்லிவிட்டு, மறுநாள் குறிப்பைப் படித்து வருந்துவதில் பயனில்லை.

அறையும் சுவரும்

சோம்பிரெரோ தொப்பியும் மிளகாய்த் தோரணமும் தொங்கவிட்டால் அறை கலகலப்பாகத்தான் இருக்கும். ஆனால் அது மெக்சிகோவையும்கூடச் சரியாகக் காட்டாது. அதற்குப் பதிலாக ஒரு பெரிய உலக வரைபடம் மாட்டுங்கள். ஸ்பானிஷ் ஆட்சிமொழியாக உள்ள 20 நாடுகளையும் அவற்றுடன் அமெரிக்க ஆட்சிப்பகுதியான புவேர்த்தோ ரிக்கோவையும் ஒரே நிறத்தில் காட்டுங்கள். ஆப்பிரிக்காவில் எக்குவடோரியல் கினி என்ற சிறு நாடும் அந்த நிறத்தில் இருப்பதையும், தென் அமெரிக்காவிலேயே பெரிய நாடான பிரேசில் போர்த்துகீசிய மொழி பேசுவதால் நிறம் பெறாமல் இருப்பதையும் பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடித்துக் கேட்பார்கள். நீங்கள் சொல்வதைவிட அவர்கள் கேட்பது நல்லது.

கரும்பலகைக்கு மேலே, கடைசி வரிசையிலிருந்தும் படிக்கக்கூடிய அளவில், உயிர்காக்கும் வாக்கியங்கள் என்று நான் அழைக்கும் ஐந்தை ஒட்டுங்கள். 'நோ எந்தியேந்தோ' என்றால் எனக்குப் புரியவில்லை. 'மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபவோர்' என்றால் இன்னும் மெதுவாக, தயவுசெய்து. 'கோமோ செ தீசே' என்றால் இதை எப்படிச் சொல்வது. 'கே சிக்னிஃபிகா' என்றால் இதற்கு என்ன பொருள். ஐந்தாவது, எல்லாரும் முதலில் கற்றுக்கொண்டுவிடும் 'புவேதோ இர் அல் பாஞோ', அதாவது கழிப்பறைக்குப் போகலாமா. இந்த ஐந்துக்கு மேல் முதல் வாரத்தில் ஒன்றும் ஒட்டாதீர்கள். சுவர் நிரம்பினால் பிள்ளைகள் எதையும் படிக்க மாட்டார்கள்.

முதல் நாளின் 42 நிமிடங்கள்

உங்கள் பள்ளியில் பாடவேளை 40 நிமிடமாகவோ 50 நிமிடமாகவோ இருக்கலாம், எங்களுக்கு 42. வகுப்புக்கு உள்ளே மேசைக்குப் பின்னால் நிற்காமல் வாசற்படியில் நில்லுங்கள். வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் 'ஓலா' என்று சொல்லி, உங்கள் நெஞ்சில் கை வைத்து 'மே யாமோ', அதாவது என் பெயர், என்று தொடங்கி உங்கள் பெயரைச் சொல்லுங்கள். பிறகு பிள்ளையை நோக்கிக் கையை நீட்டிக் காத்திருங்கள். மூன்று விநாடி மௌனம் நீண்டதாகத் தோன்றும், பொறுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானோர் தம் பெயரை மட்டும் சொல்வார்கள், சிலர் உங்களைப் பார்த்து 'மே யாமோ'வையும் சேர்த்துச் சொல்வார்கள். இரண்டையும் ஒரே முகமலர்ச்சியுடன் ஏற்று, இருக்கை எண் எழுதிய சீட்டைக் கொடுத்து உள்ளே அனுப்புங்கள். இருக்கையை நீங்களே ஒதுக்குவது அவசியம். 'விரும்பிய இடத்தில் உட்காரலாம்' என்பது நண்பர் இல்லாத பிள்ளைக்கு முதல் நிமிடத்திலேயே நேரும் அவமானம்.

அடுத்த பத்து நிமிடங்களுக்கு வாய்க்கு ஓய்வு கொடுத்து உடலுக்கு வேலை கொடுங்கள். ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1960களில் வகுத்த முறை இது: ஆசிரியர் கட்டளை சொல்வார், தானே செய்து காட்டுவார், மாணவர்கள் பேசாமல் செய்வார்கள். 'லெவாந்தென்சே' என்று சொல்லிக்கொண்டே எழுங்கள். 'சியேந்தென்சே' என்று சொல்லிக்கொண்டே அமருங்கள். பிறகு நடப்பது, நிற்பது, மேசையைத் தொடுவது, கதவைப் பார்ப்பது. நாலைந்து முறைக்குப் பின் நீங்கள் அசையாமல் நின்று சொல்லால் மட்டும் கட்டளையிடுங்கள். அறை முழுவதும் எழும். ஒருமுறை 'எழுந்திருங்கள்' என்று சொல்லிக்கொண்டே நீங்கள் உட்காருங்கள். பாதிப் பேர் ஏமாந்து உட்கார்ந்துவிட்டுத் தாமே சிரிப்பார்கள். பிழை செய்தும் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை என்பதை அவர்கள் உணரும் முதல் தருணம் அந்தச் சிரிப்புதான். அதை அவசரப்பட்டு அடக்காதீர்கள்.

அதன்பின் பலகையில் பதினைந்து சொற்களை எழுதுங்கள்: அனிமால், ஒஸ்பித்தால், தொக்தோர், ஒத்தேல், பியானோ, சொக்கொலாத்தே, தோமாத்தே போன்றவை. ஆங்கிலம் தெரிந்த பிள்ளைக்கு இவற்றின் பொருள் பார்த்த மாத்திரத்தில் விளங்கும். சொக்கொலாத்தேயும் தோமாத்தேயும் மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாத்திலிருந்து ஸ்பானிஷுக்கு வந்து, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனவை என்று ஒரு வரி சொல்லலாம். நான் இந்தப் பட்டியலில் 'கத்தமரான்' என்ற சொல்லையும் சேர்ப்பது வழக்கம். நம் கட்டுமரம் ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் அகராதி வரை மிதந்து சென்றிருக்கிறது. அதைச் சொல்லும்போது வகுப்பில் உள்ள தமிழ்ப் பிள்ளையின் முதுகு நிமிர்வதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் போலி ஒற்றுமைச் சொற்களை முதல் நாளில் தொடாதீர்கள். 'எம்பராசாதா' என்பதற்கு வெட்கப்பட்டவள் என்று பொருள் இல்லை, கருவுற்றவள் என்று பொருள் என விளக்கப் புகுந்தால் ஏழாம் வகுப்பைத் திரும்பப் பிடிப்பது கடினம். வயதைப் பற்றிய பாடத்தையும் இதே காரணத்துக்காகத் தள்ளிப் போடுங்கள். 'ஆஞோஸ்' என்ற சொல்லில் எழுத்தின் தலைமேல் இட வேண்டிய அலைக்கோட்டை விட்டுவிட்டால், ஆண்டுகள் என்பது உடலின் மறைவான ஓர் உறுப்பாகிவிடும். அதை முதலில் கவனிப்பது எப்போதும் கடைசி வரிசை.

இப்போது மீதமிருப்பது சுமார் பதினைந்து நிமிடம். 'கோமோ தே யாமாஸ்' என்று கேட்கவும் 'மே யாமோ' என்று பதில் சொல்லவும் இருவர் இருவராகப் பழகட்டும். முழு வகுப்பின் முன் தனியாக நிறுத்த வேண்டாம். இருவராகப் பேசும்போது அறை இரைச்சலாக இருக்கும். கூச்சமுள்ள பிள்ளைக்கு அந்த இரைச்சலே திரை. மணி அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது நீங்கள் மறுபடி வாசலுக்குப் போங்கள். வெளியே செல்லும் கடவுச்சொல்லாக ஒவ்வொருவரும் உங்களிடம் 'மே யாமோ' என்று தொடங்கித் தம் பெயரைச் சொல்ல வேண்டும். பல ஸ்பானிஷ் ஆசிரியர்கள் பின்பற்றும் வழக்கம் இது, நானும் அவர்களிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன். காலையில் வாசலில் தலையை மட்டும் ஆட்டிய பிள்ளை, முடியில் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு, ஷூ நுனியைப் பார்த்தபடி முணுமுணுக்கும். உங்கள் காதுக்கு மட்டும் கேட்டால் போதும். 'ஹஸ்தா மஞானா', நாளை பார்க்கலாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

வகுப்பு விதிகளும் மதிப்பெண் விவரமும் அடங்கிய தாளை அன்று வாசிக்க வேண்டியதில்லை. அதே நாளில் ஆறு பாடங்களில் ஆறு ஆசிரியர்கள் அதைத்தான் வாசித்திருப்பார்கள்.

புரியவில்லை என்று சொல்லப் பழக்குதல்

அமெரிக்காவின் மொழியாசிரியர் அமைப்பான ஆக்ட்ஃபில், வகுப்பு நேரத்தில் 90 சதவீதமோ அதற்கு மேலோ கற்பிக்கும் மொழியே ஒலிக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. நல்ல இலக்குதான். ஆனால் சைகையும் படமும் முகபாவமும் இல்லாமல் 90 சதவீதம் ஸ்பானிஷ் பேசுவது பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளிவிட்டு நீச்சல் கற்றுக்கொடுத்தேன் என்பதற்கு ஒப்பாகும். மொழியியல் அறிஞர் ஸ்டீபன் கிராஷன் 1980களில் வலியுறுத்திய கருத்து இங்கே உதவும்: புரியும்படி வந்து சேரும் மொழியே உள்ளே தங்கும், அச்சமும் பதற்றமும் மிகுந்தால் அது காதோடு நின்றுவிடும்.

எனவே இரண்டாம் நாளை 'நோ எந்தியேந்தோ'வுக்கு ஒதுக்குங்கள். வேண்டுமென்றே மிக வேகமாக நான்கு வாக்கியங்கள் பேசிவிட்டு நிறுத்துங்கள். வகுப்பு திகைத்துப் பார்க்கும். சுவரைக் காட்டுங்கள். யாரோ ஒருவர் 'நோ எந்தியேந்தோ' என்பார். அவருக்கு மனமார நன்றி சொல்லி, அதையே மெதுவாகச் சொல்லுங்கள். இன்னொருவர் 'மாஸ் தெஸ்பாசியோ' என்பார். இன்னும் மெதுவாக, படம் வரைந்து சொல்லுங்கள். ஆசிரியரைத் தாமே நிறுத்தலாம், திருப்பிச் சொல்லவைக்கலாம் என்ற அதிகாரம் கைக்கு வந்தவுடன் பிள்ளைகளின் தோள் தளர்வதைப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் பேசியே ஆக வேண்டிய நேரத்துக்கு ஓர் அடையாளம் வையுங்கள். என் மேசையில் ஒரு சிறிய இரட்டைப் பக்க அட்டை நிற்கிறது. அதைத் திருப்பினால் இரண்டு நிமிடம் ஆங்கிலம், பிறகு மீண்டும் திருப்பிவிடுவேன்.

எனக்குப் பிடிக்கும்

பாடநூல்கள் பலவற்றில் முதல் மாதம் முழுவதும் எழுத்துகள், எண்கள், நிறங்கள் என்று போகும். எண்களைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு ஸ்பானிஷில் சொல்வதற்கு என்று எதுவும் இருக்காது. மூன்றாம் நாளே 'மே குஸ்தா'வுக்குப் போய்விடுங்கள். பன்னிரண்டு வயதில் எது பிடிக்கும், எது பிடிக்காது என்பதைவிடப் பெரிய செய்தி வேறு என்ன இருக்கிறது?

இங்கேதான் தமிழ் தெரிந்த ஆசிரியருக்கு அதிர்ஷ்டம். 'மே குஸ்தா' என்ற அமைப்பு ஆங்கிலப் பிள்ளைகளைக் குழப்பும், ஏனென்றால் அவர்கள் மொழியில் விரும்புகிறவரே எழுவாய். ஸ்பானிஷில் பிடித்த பொருள்தான் எழுவாய். விரும்புகிறவர் நான்காம் வேற்றுமையில் நிற்பார். நமக்கோ 'எனக்கு ஐஸ்கிரீம் பிடிக்கும்' என்பது தாய்ப்பால் போல் வந்தது. 'மே' என்பது அப்படியே 'எனக்கு'. பொருள் பன்மையானால் வினையும் 'குஸ்தான்' என்று மாறும் என்பது மட்டுமே நாம் புதிதாகக் கற்க வேண்டியது. இந்த ஒப்பீட்டை வகுப்புக்கு இலக்கணமாகச் சொல்லாதீர்கள். உங்கள் மனத்தில் அது தெளிவாக இருந்தால், நீங்கள் கொடுக்கும் எடுத்துக்காட்டுகள் தாமே நேராக வந்து விழும்.

ஒலியிலும் நமக்கு உதவி உண்டு. 'பெரோ' என்றால் ஆனால், 'பெறோ' என்றால் நாய். நாக்கு ஒருமுறை தட்டினால் முதலாவது, அதிர்ந்து உருண்டால் இரண்டாவது. ரகரத்துக்கும் றகரத்துக்கும் வேறுபாடு காட்டித் திருக்குறள் ஒப்பித்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. சில பிள்ளைகளுக்குப் பல மாதங்கள் ஆனாலும் உருளாது. அதைக் கேலிப்பொருளாக விடாமல், வீட்டுக்குப் போய்க் குளியலறையில் பழகும்படி சொல்லுங்கள்.

கருத்துக் கணிப்பாகச் செய்யுங்கள்: ஆளுக்கொரு தாள், ஐந்து பொருள்கள், ஐந்து பேரிடம் கேட்டுக் குறித்துவர வேண்டும். யாராவது 'மே குஸ்தா லோஸ் பெறோஸ்' என்று பிழையாகச் சொன்னால் திருத்த வேண்டாம். 'ஆ, தே குஸ்தான் லோஸ் பெறோஸ்!' என்று வியந்து, சரியான வடிவத்தைப் பதிலாகத் தந்துவிட்டு நகருங்கள். பிள்ளையின் காது அதைப் பிடித்துக்கொள்ளும்.

வீட்டில் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகள்

வரவேற்பு பெரும்பாலும் கோட்டை விடும் இடம் இதுதான். அமெரிக்காவில் நான்கு கோடிக்கும் மேற்பட்டோர் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறார்கள்; அவர்கள் பிள்ளைகளும் அதே வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். சரளமாகப் பேசத் தெரிந்து எழுதத் தெரியாதவர், பாட்டி பேசுவது புரிந்தும் ஆங்கிலத்தில் பதில் சொல்பவர், பெயர் மட்டும் ஸ்பானிஷாக இருந்து மொழி அறவே தெரியாதவர் என மூன்று வகையினரும் இருப்பார்கள். மூன்றாம் வகையினர் 'உனக்கே தெரியாதா' என்ற கேள்வியைக் கேட்டுக் கேட்டுப் புண்பட்டவர்கள். நீங்களும் அதைக் கேட்காதீர்கள்.

என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். பணியில் சேர்ந்த புதிதில், பேருந்தில் வந்தேன் என்று சொல்ல 'குவாகுவா' என்ற சொல்லைப் பயன்படுத்திய ஒரு பையனை நிறுத்தி, 'அவ்தோபூஸ்' என்று சொல்ல வேண்டும் எனத் திருத்தினேன். கியூபா, புவேர்த்தோ ரிக்கோ, டொமினிக்கன் குடியரசு, கேனரித் தீவுகள் ஆகிய இடங்களில் பேருந்துக்கு அதுவே வழக்குச் சொல் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் திருத்தியது அவன் அம்மாவின் பேச்சை. நவம்பர் வரை அவன் வகுப்பில் வாய் திறக்கவில்லை. இப்போது அதே சொல்லை வைத்தே ஒரு பாடம் நடத்துகிறேன்: தீவுகளில் குவாகுவா, மெக்சிகோவில் கமியோன், அர்ஜென்டீனாவில் கொலெக்தீவோ, சிலியில் குவாகுவா என்று சொன்னால் கைக்குழந்தை என்று பொருள். யாழ்ப்பாணத்துக் 'கதைத்தல்' மதுரையில் பேச்சு ஆகிவிடுவதைப் போன்ற விஷயம்தான்.

இந்தப் பிள்ளைகளை உதவி ஆசிரியராக்கிவிடும் ஆசையையும் அடக்குங்கள். அவர்களும் கற்க வந்தவர்கள். எழுத்து, உச்சரிப்புக் குறிகள், தமக்கேற்ற வாசிப்பு என அவர்களுக்குத் தனி வேலை முதல் வாரத்திலேயே தயாராக இருக்கட்டும். இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: குவாத்தமாலாவிலிருந்து வந்த பிள்ளைக்கு ஸ்பானிஷ் தாய்மொழியாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. அந்நாட்டில் மாம், கிச்சே உள்ளிட்ட 22 மாயன் மொழிகள் இருக்கின்றன. உங்கள் ஸ்பானிஷ் வகுப்பு அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலம் என்ற மூன்றாவது மொழியின் நடுவே நடக்கும் இரண்டாவது மொழி வகுப்பாக இருக்கலாம்.

வாரத்தின் மீதி நாள்கள்

நான்காம் நாள் மரியாதைச் சொற்களுக்கு ஏற்றது. 'தூ' என்பது நீ, 'உஸ்தெத்' என்பது நீங்கள். ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் எல்லாரையும் அழைத்துப் பழகிய பிள்ளைகளுக்குத் தலைமையாசிரியரை எப்படி அழைப்பது, நாய்க்குட்டியை எப்படி அழைப்பது என்று நடிக்கவிட்டால் போதும். கொலம்பியாவில் சில பகுதிகளில் பெற்றோர் பிள்ளைகளையே 'உஸ்தெத்' என்று அழைப்பதுண்டு என்று சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் விதி இரும்பாகிவிடும். வகுப்பு விதிகளையும் அன்றே நான்கு வரியில் முடித்துவிடலாம்.

அன்று மாலை வீட்டுக்குக் கடிதம் போகட்டும். ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் ஒரே தாளில் எழுதுங்கள். பிள்ளை எந்தப் பெயரால் அழைக்கப்பட வேண்டும், வீட்டில் என்னென்ன மொழிகள் பேசப்படுகின்றன என்ற இரண்டு கேள்விகள் மட்டும் கேளுங்கள். பெற்றோர் சந்திப்பு மாலையில் தமிழ்ப் பெற்றோர் சிலர் உங்களைத் தனியே அழைத்து, 'இதைப் படித்தால் தமிழ் மறந்துவிடாதா?' என்று கேட்பார்கள். 'எனக்குப் பிடிக்கும்' எடுத்துக்காட்டை அவர்களுக்குச் சொல்லுங்கள். தமிழ் தெரிந்த பிள்ளைக்கு ஸ்பானிஷ் எங்கே எளிதாகிறது என்று காட்டினால், அன்றிரவு வீட்டில் இரண்டு மொழியும் பேசப்படும்.

வெள்ளிக்கிழமை தேர்வு வேண்டாம். பெயர், பிடித்தது, பிடிக்காதது, வீட்டில் பேசும் மொழி என ஐந்தாறு வரி எழுதி ஒரு படம் ஒட்டச் சொல்லுங்கள். வரைபடத்தைச் சுற்றி மாட்டுங்கள். செப்டம்பர் 15 அன்று தொடங்கும் ஸ்பானிய மரபு மாதம் இன்னும் ஓரிரு வாரத்தில் வந்துவிடும். 1821இல் குவாத்தமாலா, எல் சால்வதோர், ஓந்துராஸ், நிக்கராகுவா, கோஸ்தா ரிக்கா ஆகிய ஐந்தும் விடுதலையை அறிவித்த நாள் அது. மறுநாள் மெக்சிகோவின் விடுதலை நாள். பிள்ளைகளின் தாள்களுக்கு நடுவே அந்த நாடுகள் ஏற்கெனவே சுவரில் இருக்கும்.

ஆண்டின் நடுவில் யாராவது வந்து சேர்ந்தால் இந்த ஐந்து நாளையும் மீண்டும் நடத்த முடியாது. ஐந்து உயிர்காக்கும் வாக்கியங்கள் அச்சிட்ட ஓர் அட்டை, பொறுமையான ஒரு பக்கத்து இருக்கை, வாசலில் அதே 'மே யாமோ' ஆகிய மூன்றும் போதும்.

இரண்டாம் வாரத் திங்கட்கிழமை மறுபடி வாசலில் நில்லுங்கள், ஆனால் இம்முறை நீங்கள் முதலில் பேசாதீர்கள். தாமாக 'ஓலா' சொல்லிக்கொண்டு நுழைபவர்களை எண்ணாமல் விட்டுவிடலாம். பேசாமல் நுழையும் நான்கைந்து பேரின் பெயரை உள்ளங்கையில் எழுதிக்கொள்ளுங்கள்; அன்று இருவர் இருவராகப் பேசும் வேளையில் நீங்கள் போய் உட்கார வேண்டிய மேசைகள் அவை.